கோச்சிப் பாதைக்கு மேலே இருக்கிற மலை



எங்கள் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலர் இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். கொழுந்துக் கூடை சுமந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் போய்ப் படிப்பது எங்கள் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால், நலன்புரி அலுவலகத்துக்கு வரும் தாய் தகப்பன்மார் கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, புள்ளைய கோச்சியில அனுப்பலாமா? வழியில ஆபத்து ஒண்ணும் இருக்காதே?"

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆபத்து எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது, அதை யார் முதலில் காண்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் பதிலும் தானாக வரும். அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் யாழ்ப்பாணப் பக்கத்தைப் பார்ப்போம். ஹட்டனில் ஏறுகிற பிள்ளை நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கடுகண்ணாவை, ரம்புக்கணை வழியாகப் பொல்காவலைக்கு இறங்கி, அங்கே வடக்குக் கோச்சிக்கு மாற வேண்டும். பிறகு குருநாகல், மாகோ, அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று போகும். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 1902இல் பாதை திறக்கப்பட்டது. 1905இல் அது கொழும்போடு இணைந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. யுத்தத்தினால் 1990இல் நின்றுபோன சேவை, 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் வந்தது.

குடாநாட்டில் மலையே கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. பெயரில்தான் மலை, போய்ப் பார்த்தால் கடற்கரை ஓரத்து நன்னீர்க் கேணி. நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அதற்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. ஒரேயடியாகப் பெய்தால் போக இடமில்லாமல் வயலிலும் வீதியிலும் தேங்கி நிற்கிறது. அங்கே பாதைக்கு வரும் கேடு வெள்ளமும் புயல்காற்றும்தான். 1964 டிசம்பர் புயலில் மன்னார் பக்கமும் இந்தியக் கரையில் தனுஷ்கோடியும் பட்ட பாட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008இல் நிஷா புயல் குடாநாட்டை நீரில் மூழ்கடித்தது. ஆனால் தேங்கிய வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு மேலே தண்ணீர் நின்றால் கோச்சியை நிறுத்துவார்கள், வடிந்த பிறகு பாதையைச் சோதித்துவிட்டு ஓட்டுவார்கள்.

எங்கள் மலையில் சங்கதி வேறு. இங்கே தண்ணீர் தேங்குவதில்லை, ஓடுகிறது. ஓடாத தண்ணீர் மண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அந்த ஒளிந்த தண்ணீர்தான் மலையை இறக்குகிறது. பிள்ளையின் பயணத்தில் மழைக்காலத்து ஆபத்து அதிகமாக இருப்பது வீட்டு வாசலிலிருந்து ரம்புக்கணை வரைக்கும் உள்ள துண்டில்தான். தூரத்து யாழ்ப்பாணத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். பக்கத்து மலை பழகிப்போனதால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மலை ஏன் இறங்குகிறது?

இந்தப் பாதை ஒரே நாளில் வந்ததல்ல. கண்டிக்கு 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், நானுஓயாவுக்கு 1885இலும், கடைசியாகப் பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்தது. கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் வெள்ளைக்காரன் இதைப் போட்டான். தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் உழைப்பும் உயிரும் இதிலே நிறையக் கலந்திருக்கின்றன. செங்குத்தான இடங்களில் 44 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறும் கணக்கில் பாதை அமைத்தார்கள். பட்டிப்பளை ஸ்டேசன் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல் இருக்கிறது. இவ்வளவு உயரம் ஏற வேண்டுமென்றால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் போக முடியும்.

இடுப்பைச் சுற்றிப் போகும் பாதைக்கு ஒரு பக்கம் மலையை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி மேடாக்க வேண்டும். இரண்டிலுமே பலவீனம் உண்டு. மேல் பக்கத்தில் மலையின் கால் வெட்டப்பட்டிருக்கிறது. மேலே இருக்கிற மண்ணுக்கு முட்டுக் குறைந்துபோயிற்று. கீழ்ப்பக்கத்தில் இருப்பது கொட்டிய மண். இயற்கை மண்ணைப் போல் அது இறுகி நிற்காது. நடுவிலே சிற்றோடைகள் குறுக்கிடும் இடங்களில் மதகு வைத்துத் தண்ணீரை அடியால் விட்டிருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் எதிரி தண்ணீர்தான்.

தண்ணீரின் பாரத்தைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ 100 தொன். ஆறு அங்குலம் பெய்தால் 600 தொன்னுக்கு மேல். அதில் ஒரு பங்கு கான் வழியாக ஓடிப்போகும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். மண் துகளுக்கும் துகளுக்கும் இடையில் புகுந்து, ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடியைத் தளர்த்திவிடும். அடியிலே கரும்பாறை இருந்தால் அதற்குமேல் தண்ணீர் நின்று, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கப் பார்க்கும். அதனால்தான் மழை விட்ட பிறகும் மலை இறங்குகிறது. "மழை நின்னுருச்சு, இனி பயமில்ல" என்று லயத்துக்குத் திரும்பிப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வெளியே மழை நின்றாலும் உள்ளே தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

வட்டவளையை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். நாட்டிலேயே மிகவும் அதிகமாக மழை பெய்கிற இடங்களில் அதுவும் ஒன்று. 1990களின் ஆரம்பத்தில் அங்கே மலைச்சரிவு நகர்ந்து கோச்சிப் பாதையைக் குலைத்தது. மேலே விழுந்த மண்ணை அள்ளி எறிந்தால் தீருகிற காரியமாக அது இருக்கவில்லை. முழுச் சரிவுமே அசைந்துகொண்டிருந்தது. கடைசியில் நிபுணர்கள் கையாண்ட வழி என்ன தெரியுமா? பெரிய சுவர் கட்டி மலையைத் தாங்கப் பார்க்கவில்லை. நிலத்துக்குள் ஆழமாக, நீளமாகத் துளையிட்டு, ஒளிந்திருந்த தண்ணீரை வெளியே வடியவிட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் மலையின் ஓட்டம் அடங்கியது. தோட்டத்தில் கான்வெட்டுகிற ஆளுக்கு இந்த வித்தை புதிதல்ல. அவர் மேலாக வெட்டுகிறார், இவர்கள் ஆழமாக வெட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆபத்தைக் கணக்குப் போடுவது

மலைப்பாதை உள்ள நாடுகளில் எல்லாம் ரயில்வேக்காரர்கள் ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்வி கேட்கிறார்கள். இங்கே மேலேயிருந்து என்ன வரக்கூடும்? எத்தனை காலத்துக்கு ஒரு முறை வரக்கூடும்? வரும் நேரத்தில் கீழே யார் இருப்பார்கள்? ஆளில்லாக் காட்டுக்குள் பெரிய பாறை உருண்டால் யாருக்கும் சேதமில்லை. அதே பாறை, வளைவுக்கு அப்பால், டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தால் அது நூற்றுக்கணக்கான உயிர் சம்பந்தப்பட்ட காரியம். ஆகவே சின்னப் பாறையா பெரிய பாறையா என்பது மட்டும் கணக்கல்ல. டிரைவர் அதை எவ்வளவு தூரத்தில் காண்பார், கண்டபிறகு பிரேக் பிடித்தால் நிற்குமா என்பதும் கணக்கு. எங்கள் பாதையில் வளைவு மிகுதி, சுரங்கம் நாற்பதுக்கு மேல், மூடுபனி வேறு. பாரத்தோடு இறக்கத்தில் வருகிற கோச்சி நினைத்த இடத்தில் நிற்காது.

இந்தியாவில் கொங்கண் ரயில்வே இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் படித்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரமாக, மலையைக் குடைந்தும் வெட்டியும் போடப்பட்ட பாதை அது. 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2003 ஜூன் 22ஆம் திகதி இரவு வைபவ்வாடி என்ற இடத்தருகே மலைவெட்டிலிருந்து விழுந்திருந்த பாறைகளில் ரயில் மோதி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுவருடம் ஜூன் மாதத்திலேயே கரஞ்சாடி அருகே இன்னொரு ரயில் பாறையில் மோதிப் பாலத்திலிருந்து கவிழ்ந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்தவற்றைப் பார்த்தால் எங்களுக்கும் புத்தி வரும். செங்குத்தான வெட்டுகளைச் சாய்வாக்கினார்கள், பாறை விழும் இடங்களில் இரும்பு வலை விரித்தார்கள். 'ரக்ஷா தாகா' என்று ஓர் ஏற்பாட்டையும் செய்தார்கள். தமிழில் காப்புக் கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். மலைவெட்டு ஓரமாகக் கம்பி கட்டியிருக்கும். பாறையோ மண்ணோ விழுந்து அதை இழுத்தால் எச்சரிக்கை போகும். இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பிடித்தது அவர்களுடைய மழைக்கால நேர அட்டவணை. ஜூன் மாதம் பிறந்து மழை பிடித்தால் ரயில்களின் வேகத்தைக் குறைத்து, பயண நேரத்தைக் கூட்டி, அதையே அட்டவணையாக அச்சடித்துவிடுகிறார்கள். பலத்த மழையில் கண் தெரியாவிட்டால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது டிரைவருக்குக் கட்டளை. ஆபத்தான வெட்டுகளில் இரவு பகலாகக் காவல் நிற்கிறது. மெதுவாகப் போனால் அங்கே அது தாமதம் அல்ல, அட்டவணையே அதுதான். எங்கள் ஊரில் கோச்சி அரை மணி பிந்தினால் ஸ்டேசன் மாஸ்டரைத் திட்டுகிறோமே, அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நீலகிரியிலும் இப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் வந்த பல்சக்கர ரயில், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் உடனே நிறுத்தப்படும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட மண்சரிவுகளின்போது அந்தப் பாதையும் சிதைந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் டார்ஜிலிங் சின்ன ரயிலின் பாதை 2010இல் அறுந்து, முழுத்தூரமும் மறுபடி ஓட 2015 ஆயிற்று. யப்பானில் பாதை நெடுக மழைமானி வைத்து, குறித்த அளவு பெய்தவுடன் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வேகத்தைக் குறைக்கிறார்கள், அதற்கு மேலும் பெய்தால் நிறுத்துகிறார்கள்.

இலங்கையிலும் அளவு இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிரு. செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராயிரு. சிவப்பு என்றால் வெளியேறு. பொதுமக்களுக்குச் சொல்லப்படும் மழை அளவு இதுதான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு; 100 பெய்தால் தயார்; 150 பெய்தால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேற்றம். அங்குலத்தில் சொன்னால் மூன்று, நான்கு, ஆறு. தோட்ட ஆபீசில் மழையளவு எழுதும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு. அந்தக் கணக்கு கொழுந்து விளைச்சலுக்காக மட்டும் ஆபீஸ் புத்தகத்தில் கிடக்காமல், பிரட்டுக்களத்துப் பலகையிலும் தினமும் எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

லயத்திலும் அளக்கலாம். நேரான பக்கமுள்ள தகர டின் ஒன்று போதும். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியில் வையுங்கள். காலையில் அடிமட்டத்தை உள்ளே விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சரியாகச் செய்வார்கள். பெரியவர்கள்தான் மறந்துபோவார்கள்.

கோச்சிக்குத் தெரியாது

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். "பாதையில மண்ணு விழுந்தா சிக்னல் தானா செவப்பாயிரும்" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலைநாட்டுப் பாதையில் காலங்காலமாக நடப்பது டெப்லட் முறை. ஸ்டேசனில் பெரிய வளையத்தில் கோர்த்த தோல்பையை டிரைவர் கைமாற்றிக்கொண்டு போவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அந்தப் பைக்குள் டெப்லட் இருக்கிறது. அது கையில் இருந்தால் இந்த ஸ்டேசனுக்கும் அடுத்த ஸ்டேசனுக்கும் இடையில் வேறு கோச்சி இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். நடுவிலே மலை இறங்கியிருக்கிறதா, மதகு அடித்துக்கொண்டு போயிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிவிக்க ஒரு மனிதன் வேண்டும். பாதை பார்க்கும் கேங் ஆட்கள் அதற்கென்று இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. பாதை ஓரமாக வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கிற எங்கள் சனங்கள்தான் பல நேரத்தில் முதலில் காண்கிறவர்கள்.

கண்டால் என்ன செய்வது? முதலில் பக்கத்து ஸ்டேசனுக்குச் சொல்ல வேண்டும். ஸ்டேசன் மாஸ்டர் டெப்லட்டைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாலே கோச்சி அந்தத் துண்டுக்குள் வராது. சொல்லும்போது "அந்தப் பெரிய டர்பன்டைன் மரத்துக்குப் பக்கத்தில" என்று சொன்னால் அவருக்கு விளங்காது. பாதை ஓரத்துக் கட்டையில் இருக்கிற எண்ணைச் சொல்லுங்கள். அதற்குள் கோச்சி கிளம்பியிருக்கக்கூடும். ஆகவே இன்னும் இருவர், ஆளுக்கொரு திசையாக, முடிந்த அளவு தூரம் முன்னே போக வேண்டும். விழுந்த இடத்திலேயே நின்று கையாட்டிப் பயனில்லை. டிரைவர் காண்பதற்கும் மோதுவதற்கும் இடையில் நேரம் இருக்காது. தண்டவாளத்துக்கு நடுவில் நிற்காமல், ஓரமாக, டிரைவர் கண்ணில் படுகிற நேரான இடத்தில் நின்று சிவப்புத் துணியை ஆட்டுங்கள். சிவப்பு இல்லையா, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுங்கள். இரவென்றால் எந்த வெளிச்சமானாலும் சரி, குறுக்கே வேகமாக வீசி ஆட்டினால் ஆபத்து என்றுதான் டிரைவர் எடுத்துக்கொள்வார்.

செய்தி நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே உலகம் அறிந்த சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது, கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன கோச்சியை அம்பலாங்கொடையில் நிறுத்த முயன்றார்கள். அங்கே ஊழியர்கள் எல்லோரும் கோச்சி வேலையில் இருந்ததால் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. எடுத்தபோது கோச்சி போய்விட்டது. பெரேலியவில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அது மலையல்ல, கடற்கரை. ஆனாலும் ஆபத்தை அறிந்தவர் ஒரு பக்கம், கோச்சியை ஓட்டுகிறவர் மறுபக்கம், நடுவில் செய்தி அறுந்தது என்பது எங்கள் பாதைக்கும் பொருந்தும்.

லயமும் அதே மலையில்தான்

கோச்சியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பாதைக்கு மேலே நிற்கிற மலைதான் பல இடங்களில் லயத்துக்குப் பின்னாலும் நிற்கிறது. கோச்சி அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். நாங்கள் இரவு முழுக்க அதற்குக் கீழே தூங்குகிறோம்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. முப்பது பேருக்கு மேல் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. "வெளியேறு" என்று சொல்கிறவர்கள் எங்கே போவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே வருகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இந்த இரண்டு கவலையும் ஒன்றாய்ச் சேர்ந்தன. நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. தோட்டக் குடும்பங்கள் பட்டது சொல்லி மாளாது. மலைநாட்டுக் கோச்சிப் பாதை பல இடங்களில் புதைந்தும் அறுந்தும் போனது. சமவெளியிலே வடக்குப் பாதையும் வெள்ளத்தில் சேதப்பட்டது. யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளை அங்கே, பெற்றோர் இங்கே, நடுவில் போக்குவரத்தும் தொலைபேசியும் இல்லாத நாட்கள் அவை.

அதனால் பிள்ளையை அனுப்புவது பற்றி எங்கள் பதில் இது. மழைக்காலம் என்று பயந்து படிப்பை நிறுத்த வேண்டாம். பரீட்சைக்கு முதல்நாள் கிளம்பாமல் இரண்டு மூன்று நாள் முந்தி அனுப்புங்கள். உங்கள் பகுதிக்கோ, வழியிலுள்ள கடுகண்ணாவை, நாவலப்பிட்டிப் பக்கங்களுக்கோ செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை இருந்தால் அன்று பயணம் வேண்டாம். கோச்சி ரத்தானால் "சரி, பஸ்ஸில ஏறு" என்று அவசரப்படாதீர்கள். கோச்சியை நிறுத்திய அதே மலைக்குக் கீழேதான் பஸ்ஸும் போகிறது. 2025 நவம்பரில், புயலுக்குச் சில நாள் முந்தி, கீழ்க் கடுகண்ணாவையில் கொழும்பு - கண்டி வீதியோரக் கடை மீது பாறை விழுந்து உயிர்கள் போயின. கோச்சியை ரத்துச் செய்கிறவர் உங்கள் பிள்ளைக்கு இடைஞ்சல் செய்யவில்லை, தன் வேலையைச் செய்கிறார்.

பருவத்தையும் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கு மழை. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்துச் சரிவுகள் அப்போது நனைந்து கனத்திருக்கும். ஐப்பசி முதல் தை வரை அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் கவனம் வேண்டும். அதே மாதங்களில்தான் குடாநாட்டிலும் மழை.

இனிக் கான் விசயம். கோபிக்காமல் கேளுங்கள். தோட்டத்துக் கான் எங்கே முடிகிறது, கோச்சிப் பாதையின் கான் எங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லைக்கல் சொல்லும். தண்ணீர் அந்தக் கல்லைப் பார்ப்பதில்லை. நாங்கள் கண்ட ஓர் இடத்தில் தோட்டத்தார் "அது ரயில்வே பக்கம்" என்று விட்டார்கள், ரயில்வே பக்கத்தார் "மேலேயிருந்து வருவது தோட்டத்துத் தண்ணி" என்று விட்டார்கள். இரண்டு வருடம் தூர் வாராத கான், மூன்றாம் வருடம் பாதை ஓரத்து மண்ணையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, அன்றைக்குக் கோச்சி இல்லை.

எங்கள் சனங்களும் சிலதை நிறுத்த வேண்டும். பாதைக்கு மேல்வெட்டில் மரக்கறிப் பாத்தி போடுவது, மண்ணைக் கிளறித் தண்ணீரை உள்ளே விடுகிற வேலை. லயத்துக்குப் பின்னால் கழிவறைக்கென்றும் சமையலறைக்கென்றும் மலையின் காலை இன்னும் கொஞ்சம் வெட்டுவது, ஏற்கெனவே குறைந்த முட்டை மேலும் குறைப்பது. மதகு வாயில் குப்பையும் கவ்வாத்துக் குச்சியும் போட்டால், ஒரே இரவில் தண்ணீர் குளமாகத் தேங்கி, மேட்டையே உடைத்துக்கொண்டு தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டுவிடும். மானாப்புல் நிற்கிற சரிவை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் வேர் மேல்மண்ணை அரிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மலை இறங்கும் முன் சில நேரம் சாடை காட்டும். தேயிலைச் செடி வரிசைக்குக் குறுக்கே புதிதாக வெடிப்பு. நேராக நின்ற மரமும் லைட் கம்பமும் சாய்தல். இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று. அல்லது தெளிவாக வந்த ஊற்றுத் தண்ணீர் கலங்கல். எப்போதும் ஓடுகிற ஓடை மழையிலே திடீரென்று வற்றினால், மேலே எங்கேயோ மண் விழுந்து அடைத்திருக்கிறது, அது உடைத்துக்கொண்டு வரும் என்று அர்த்தம். வீட்டுக் கதவு நிலையில் இறுகி மூட மாட்டேன் என்கிறது, தரையில் வெடிப்பு அகலமாகிறது என்றாலும் கவனியுங்கள். வெடிப்புக்கு இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு சுவரில் எழுதிவையுங்கள். பார்க்க வருகிற அதிகாரியிடம் "வெடிச்சிருக்கு சார்" என்று சொல்வதைவிட "வைகாசியில் இவ்வளவு, ஆடியில் இவ்வளவு" என்று காட்டினால் அவரும் எழுதாமல் போக முடியாது.

இப்படிச் சாடை கண்டால் தோட்ட ஆபீசுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். பாதைப் பக்கமென்றால் ஸ்டேசனுக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117, இரவானாலும் எடுப்பார்கள். பக்கத்து ஸ்டேசனின் தொலைபேசி இலக்கத்தையும், உங்கள் தோட்டத்துக்குக் கீழே போகும் பாதைக் கட்டை எண்களையும் எழுதி, மழை அளவுப் பலகைக்குப் பக்கத்திலேயே பிரட்டுக்களத்தில் ஒட்டும்படி தலைவர்மார் கேட்டு வாங்க வேண்டும். பலகை இல்லாத தோட்டத்தார் எங்களிடம் சொன்னால், பலகையும் டின்னும் அடிமட்டமும் ஏற்பாடு செய்துகொடுப்போம்.